திண்டிவனத்தில் பிறந்த உறுதி
(டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்)

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை அறியாதார் தமிழகத்தில் இலர். ஆனால், அதனை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வு திசை திரும்பியது நம் திண்டிவனத்தில்தான் என்பதைப் பலர் அறியார்.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்கடர் அமெரிக்க மிஷன் மருத்துவர். 1876ஆம் ஆண்டு தாது வருஷப் பஞ்சம் தமிழகத்தை வாட்டியது. கையைத் தூக்கவும் வலுவின்றிக் கிடந்த சிறுவர்களின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டினாள் சிறுமி ஐடா. பசியால் மெலிந்த உடலில் காலராவும் காய்ச்சலும் எளிதாகப் புகுந்தன. பசித்த பிள்ளையே முதலில் மாண்டது.

பின்னர் அமெரிக்காவில் கல்வி பயின்ற ஐடா, மீண்டும் இந்தியாவில் வாழ விரும்பவில்லை. தாயார் நோயுற்றதால் 1890ஆம் ஆண்டில் திண்டிவனம் வந்தார். ஓரிரவு, பேறுகாலத் துன்பத்தில் துடித்த தம் மனைவியரைக் காக்க வேண்டி மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து ஐடாவை அழைத்தனர். அவரோ மருத்துவம் படிக்காதவர். தந்தையார் வர ஆயத்தமாக இருந்தும், ஆண் மருத்துவர் வருவதை அவர்கள் வழக்கம் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அன்றே ஐடா மருத்துவராக உறுதி பூண்டார்.

1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணி தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. மருத்துவமனைக்கு வர இயலாத ஏழைகளுக்காக, 1909 முதல் மோட்டார் வண்டியில் சென்று சாலையோர மரநிழலில் வைத்தியம் பார்த்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1960 மே மாதம் கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார்.

அம்மையார் கண்ட உண்மை இன்று வேறு வடிவில் நம்முன் நிற்கிறது. அவர் பிறந்த இராணிப்பேட்டையில் பிற்காலத்தில் தோல் பதனிடும் தொழிலும் இரசாயன ஆலைகளும் பெருகின. குரோமியக் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுத்தது. 2006இல் வெளியான, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் அவ்வூரும் இடம்பெற்றது. அவர் நிறுவிய கல்லூரியின் மருத்துவர்களோ, வேலூரின் ஏழைக் குடியிருப்புகளில் வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கலந்திருப்பதை ஆராய்ந்துள்ளனர். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு.

நஞ்சு எல்லாரையும் ஒன்றுபோலத் தாக்குவதில்லை. விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு மிகுதியாக ஏற்கிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குடல் இன்னும் மிகுதியாக ஈர்த்துக்கொள்கிறது. ஆலைக்கு அருகில் குடிசை, மண்தரையில் தவழ்தல், அரைவயிற்று உணவு ஆகிய மூன்றும் ஏழைக் குழந்தைக்கே ஒருங்கே வாய்க்கின்றன. ஆகவே, கழிவை அகற்றுவது பாதி வேலை. குழந்தையின் வறுமையை அகற்றுவது மறுபாதி.

நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் பூச்சிமருந்து புழங்காத சிற்றூர் அரிது. மருந்து தெளித்த வயலோரத்தில் தம்பி தங்கையரை விளையாட விடாதிருப்போம். காலியான மருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிக்கும் வழக்கத்தை நம் வீட்டில் நிறுத்துவோம். உண்ணுமுன் சிறுவர்களின் கையைச் சோப்பிட்டுக் கழுவுவோம். முருங்கைக்கீரையையும் கேழ்வரகையும் அவர்கள் தட்டில் இடுவோம். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நாமும் தூக்கியெறியாமல் உண்போம்.

அன்பு மாணவியரே! அன்றிரவு திண்டிவனத்தில் ஐடாவிடம் இரக்கம் இருந்தது, கல்வி இல்லை. அந்தக் கல்வியை அவர் பின்னர் தேடிப் பெற்றார். நமக்கோ அது வாயிற்படியிலேயே கிடைத்திருக்கிறது. அதை நம் தெருக் குழந்தைகளுக்குப் பயன்படுத்துவதே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.