பெட்டிக்குள் பழகிய கைகள்: குர்ட் செம்

பித்தப்பைக் கல்லுக்கோ குடல்வளரி அழற்சிக்கோ சத்திரசிகிச்சை செய்துகொள்ளும் நம்மவர்கள் பலர் இன்று ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். வயிற்றில் மூன்று நான்கு சிறு தழும்புகள்தான் மிஞ்சுகின்றன. இந்த வசதிக்காக அதிகம் ஏச்சு வாங்கியவர்களில் ஒருவர் ஜேர்மனியப் பெண்நோய் மருத்துவர் குர்ட் செம்.

1927 இல் மியூனிக்கில் பிறந்த செம், மருத்துவம் படிக்க முன்னரே கருவி செய்யும் தொழிலைப் பழகியவர். குடும்பத்தவர் மருத்துவக் கருவி நிறுவனம் நடத்தினார்கள். அதனால் தனக்கு வேண்டிய கருவி சந்தையில் இல்லாவிட்டால், அதைத் தானே வடிவமைத்துச் செய்விக்க அவரால் முடிந்தது. துளைவழிச் சத்திரசிகிச்சையில் உள்ளே பார்க்கவும் கருவியை அசைக்கவும் இடம் வேண்டும். அதற்காக வயிற்றை வாயுவால் உப்பச் செய்வார்கள். காபனீரொட்சைட்டை அளவோடு செலுத்தி, அமுக்கத்தையும் கண்காணிக்கும் கருவியை அவர் உருவாக்கினார். வெளியே போட்ட சுருக்குமுடிச்சைத் துளை வழியே தள்ளி உள்ளே இறுக்கும் முறையையும் வளர்த்தெடுத்தார்.

1970 இல் கீல் பல்கலைக்கழகத்தில் பெண்நோய்த்துறைத் தலைவரானார். வயிற்றைத் திறக்காமல் சத்திரசிகிச்சை செய்யும் ஒருவருக்கு மூளையில் ஏதும் கோளாறு இருக்குமோ என்று சந்தேகித்த சகாக்கள், அவரை மூளைப் பரிசோதனைக்கே உட்படுத்தினார்கள். அவர் வேலையை நிறுத்தவில்லை.

1980 இல், உலகில் முதன்முறையாக, ஒரு குடல்வளரியை முழுவதும் துளைவழியாகவே அகற்றினார். பாராட்டுக்குப் பதிலாக வந்தது கண்டனம். ஜேர்மன் சத்திரசிகிச்சைச் சங்கத்தின் தலைவர், செம் தொழில் செய்வதை இடைநிறுத்த வேண்டும் என்று பெண்நோய் மருத்துவர் சங்கத்துக்கு எழுதினார். அமெரிக்க மருத்துவ இதழொன்று அவரது கட்டுரையை அறநெறிக்கு ஒவ்வாதது என்று திருப்பி அனுப்பியது. 1983 இல் வேறோர் இதழில்தான் அது வெளிவந்தது. ஆனால் 1985 இல் எரிக் மூஹே என்ற ஜேர்மன் மருத்துவர் அதே வழியில் பித்தப்பையை அகற்றிக் காட்டினார். அவருக்கும் முதலில் ஏளனமே கிடைத்தது.

தன்னால் முடிந்ததை மற்றவரும் செய்ய வேண்டும் என்பதில் செம் கவனமாக இருந்தார். துளைவழி வேலையில் கை வலப்பக்கம் போனால் உள்ளே கருவியின் நுனி இடப்பக்கம் போகும். தூரம் சரியாகத் தெரியாது. விரலுக்குத் தொடுகையும் இல்லை. வயிற்றைத் திறந்து ஆயிரம் சத்திரசிகிச்சை செய்தவரும் இதில் புதிய மாணவர்தான். இதற்காக அவர் ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்து, 1986 இல் அதைப் பற்றி எழுதினார். பெட்டிக்குள் இழையத் துண்டை வைத்து, மேலேயுள்ள துளைகளால் கருவியை விட்டு, வெட்டவும் தைக்கவும் முடிச்சுப் போடவும் பழகலாம். தவறு நடந்தால் நோயாளி எவருக்கும் பாதிப்பில்லை.

அந்தப் பழக்கத்தின் பெறுமதி விரைவில் தெரியவந்தது. 1990 அளவில் இந்த முறை அமெரிக்காவில் வேகமாகப் பரவியபோது, ஓரிரு நாள் வகுப்போடு கத்தி எடுத்தவர்களும் இருந்தார்கள். பித்தக்குழாய் காயங்கள் கூடின. 1992 இல் நியூயோர்க் மாநில சுகாதாரத் திணைக்களம் பயிற்சிக்கு வழிகாட்டு விதிகள் வகுத்தது. இன்று அமெரிக்காவில் பொதுச் சத்திரசிகிச்சை நிபுணராகத் தகுதி பெற, பெட்டியில் செய்முறைப் பரீட்சை எழுதிச் சித்தியடைய வேண்டும்.

1995 இல் ஓய்வுபெற்ற செம், 2003 இல் அமெரிக்காவின் டூசான் நகரில் காலமானார்.

கணக்காளனாகிய எனக்கு இந்த வாழ்க்கையில் ஒரு வரவு பெரிதாகத் தெரிகிறது. புலம்பெயர்ந்த நம் வீடுகளில் பிள்ளை மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்; தொழிற்பயிற்சிக்குப் போகிறேன் என்றால் உறவினருக்குச் சொல்லக் கூசுகிறோம். பேராசிரியர் செம்முக்கு அந்தத் தொழிற்பயிற்சிதான் முதல். பட்டறையில் பழகிய கை இல்லாதிருந்தால், அவர் நினைத்த கருவிகள் எண்ணத்தோடேயே நின்றிருக்கக்கூடும். அடுத்தமுறை ஒரு பிள்ளை கருவிகளோடு மினக்கெடுவதைக் கண்டால், புத்தகத்தை எடு என்று அதட்ட முன்னர் அவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.