ஒளிவு மறைவற்ற ஏடு

புதுவை ரங்கப்பிள்ளை வீதி வழியே திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் பலர், அப்பெயருக்குரிய பெருந்தகையை நினைப்பதில்லை. 1709-ல் சென்னைப் பெரம்பூரில் திருவேங்கடம் பிள்ளையின் குமாரராய்ப் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, திருமால் நெறி பேணிய குடும்பத்தினர். 1747-ல் கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியானார்.

துபாஷியின் வாழ்வு அளந்து பேசும் வாழ்வு. ஆயின் 1736 முதல் அவர் எழுதிவந்த தினப்படிச் சேதிக் குறிப்பில் அந்த அடக்கம் இல்லை. கண்டதைக் கண்டபடியே, பேச்சுத் தமிழில், ஒளிவு மறைவின்றி எழுதினார். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளை, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. சிவாலயந்தானே என்று அவர் வாளாவிருந்தாரில்லை. கவர்னரின் துணைவியாரையும் பாதிரிமாரையும் வெளிப்படையாகவே குற்றஞ்சாட்டி ஏட்டில் பதிந்தார். எனினும் இடிப்பைத் தடுக்க அவரால் இயலவில்லை, பதவியையும் துறந்தாரில்லை. இதனை நாம் மறைத்தால் அவ்வேட்டுக்கே பிழை செய்தவராவோம்!

1756-ல் பதவி நீங்கிய பின்னும் எழுதுகோல் ஓயவில்லை. 1761 ஜனவரி 12-ல் பரமபதம் எய்தினார். சில நாட்களிலேயே புதுவை ஆங்கிலேயர் வசமாயிற்று. ஏடோ இல்லத்திலேயே கிடந்து, 1846-ல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரரின் கண்ணில் பட்டது.