புதுப்பாளையத்தில் மூதறிஞர்

இராஜாஜி என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை கவர்னர் ஜெனரல் பதவியும் கறுப்புக் கண்ணாடியும்தாம். எனக்கோ திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் குடிசையில் வாழ்ந்த இராஜாஜியே பெரியவராகத் தெரிகிறார்.

அவர் 1878 டிசம்பர் 10 அன்று தொரப்பள்ளியில் பிறந்தார். அவ்வூர் அன்று சேலம் மாவட்டம், இன்று கிருஷ்ணகிரி. 1900இல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கிப் பெயரும் பொருளும் ஈட்டினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். காந்தியடிகள் ஒத்துழையாமைக்கு அழைத்தபோது நல்ல வருமானம் தந்த தொழிலை உதறினார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குச் சென்றார். இவை நாம் அறிந்தவையே.

1925 பிப்ரவரியில், நிலக்கிழார் ரத்னசபாபதி கவுண்டர் அளித்த இடத்தில் காந்தி ஆசிரமம் எழுந்தது. மனைவியை முன்பே இழந்திருந்த இராஜாஜி, பிள்ளைகளுடன் அங்கே குடியேறினார். மானாவாரிப் பூமி அது. மழை பொய்த்தால் சோளமும் இல்லை, கம்பும் இல்லை. சுற்றுவட்டாரப் பெண்கள் நூல் நூற்றுக் கொண்டுவந்து கொடுத்துக் கூலியும் பஞ்சும் பெற்றுச் சென்றார்கள். ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் மற்றவர்களும் ஒரே சமையலை ஒன்றாக அமர்ந்து உண்டனர். அக்கம்பக்கத்தில் பலருக்கு இது கசந்தது. ஆயினும் அந்தப் பந்தி கலையவில்லை. ஐயங்கார் குடும்பத்தில் பிறந்து, கீதையையும் இராமனையும் உயிராகக் கொண்டவர் நடத்திய பந்தி அது! கோவிலுக்குள் மட்டும் இருக்கும் பக்தியை அவர் பக்தியாக எண்ணவில்லை என்றே நான் கருதுகிறேன்.

கள்ளை அவர் எதிர்த்ததும் இந்த நோக்கில்தான். குடிகாரன் வீட்டில் அடுப்பு எரியாது என்பதை நம் ஊர்ப் பெண்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. 1929இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற இதழைத் தொடங்கினார். துணைக்குக் கல்கி இருந்தார். மறு ஆண்டே வேதாரண்யம் உப்பு யாத்திரைக்குத் தலைமை ஏற்றார். பின்னர் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் நம் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய நாமக்கல்லும் அடக்கம். அரசுக்கு வருவாய் குறைந்தது. 1939இல் விற்பனை வரி வந்தது. அதே ஆண்டில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் தந்தார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. 1953இல் கிராமப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. அடுத்த ஆண்டு அவர் பதவி விலக, காமராசர் முதல்வராகித் திட்டத்தைக் கைவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அத்திட்டம் நிலைத்திருந்தால் இந்த வாசல் எனக்குத் திறந்திருக்குமா? ஒரே பந்தியில் பிள்ளைகளை உட்கார வைத்தவருக்கு இது ஏன் தோன்றாமல் போயிற்று என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

1971இல் மதுவிலக்கைத் தளர்த்த அரசு முனைந்தபோது, தொண்ணூற்றிரண்டு வயதில் முதலமைச்சர் கருணாநிதியின் வீடு தேடிச் சென்று வேண்டாமென்று மன்றாடினார். பலிக்கவில்லை, கடைகள் திறந்தன. 1972 டிசம்பர் 25 அன்று காலமானார். புதுப்பாளையத்து ஆசிரமம் இன்றும் இருக்கிறது.