நூறு ரூபாய்க் கடனும் மகாகவியும்

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-ஆம் நாள் பிறந்து, முப்பத்தொன்பது வயது நிறையுமுன் 1921 செப்டம்பரில் மறைந்தவர் மகாகவி பாரதியார். அவருடைய கவித்துவமும் நாட்டுப்பற்றும் இதழ்ப்பணியும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. தம் நூல்களைத் தாமே அச்சிட்டு விற்க முயன்ற பாரதியார் அந்த அளவிற்குப் பேசப்படவில்லை.

அவருடைய பாடல்களை முதலில் தனி வெளியீடாக அச்சிட்டவர் ஓர் அரசியல் மாற்றணியினர் என்பது வியப்பிற்குரியது. மிதவாதத் தலைவரான வி. கிருஷ்ணசாமி ஐயர், திலகர் வழி நின்ற பாரதியாரின் பாடல்களைக் கேட்டு உருகினார். 1907-இல் அவற்றுள் மூன்றைத் தம் செலவில் 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். கட்சி வேறுபாடு கவிதைக்குத் தடையாகவில்லை.

1908-இல் 'ஸ்வதேச கீதங்கள்' நூலைப் பாரதியாரே வெளியிட்டு, நிவேதிதா தேவியார்க்குக் காணிக்கையாக்கினார். அவ்வாண்டிலேயே புதுவைக்குச் செல்ல நேர்ந்தது. 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகம் 1912-இல் வெளிவந்தது; இரண்டாம் பாகமோ அவர் மறைந்த பின்னரே அச்சேறியது. இடையில் அவர்க்குத் துணை நின்றவர் பரலி சு. நெல்லையப்பர். 1917-இல் 'கண்ணன் பாட்டு' முதலிய சிறு நூல்களைத் தம் முயற்சியால் பதிப்பித்த அவ்விளைஞர், பின்வரும் நூற்றாண்டுகளில் தமிழ் மக்கள் இப்பாடல்களைப் பாடி மகிழ்வர் என்று முன்னுரையொன்றில் உறுதிபட எழுதினார்.

புதுவையை விட்டு வெளியேறிச் சிறைப்பட்டு மீண்ட பின், கடையத்தில் வாழ்ந்த பாரதியார் 1920-இல் ஒரு பெருந்திட்டம் வகுத்தார். தம் படைப்புகளை நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிட எண்ணினார். மொத்தம் நான்கு லட்சம் படிகள்! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல் வீடுதோறும் அவை எளிதில் விலைபோகும் என்று நம்பினார். நண்பர்கள் ஆளுக்கு நூறு ரூபாயேனும் கடனாகத் தர வேண்டுமென்று கடிதங்கள் எழுதினார். அவர் கேட்டது நன்கொடையன்று. வட்டியுடன் திருப்பித் தருவதாகவே வாக்களித்தார். ஆயினும் வேண்டிய பொருள் சேரவில்லை. திட்டம் ஏட்டளவில் நின்றது. மறு ஆண்டே அவர் திருவல்லிக்கேணியில் காலமானார். இறுதி ஊர்வலத்தில் சென்றவர் மிகச் சிலரே.

செல்லம்மாள் துயரில் ஓய்ந்துவிடவில்லை. பாரதி ஆச்ரமம் என்னும் பெயரால் 1922-இல் கணவரின் பாடல்களை வெளியிட்டார். 1928-இல் அரசு நூல்களைப் பறிமுதல் செய்தபோது, சத்தியமூர்த்தி சென்னைச் சட்டமன்றத்தில் வாதாடினார். கல்கியின் முயற்சியாலும் மக்கள் தந்த நன்கொடையாலும் எட்டயபுரத்தில் எழுந்த மணிமண்டபம் 1947-இல் திறக்கப்பட்டது. 1949-இல் சென்னை அரசு நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்கள் உடைமையாயின.

மண்டபம் எழுப்பப் பொருள் தந்ததும் தமிழ்ச் சமுதாயமே. கவிஞர் கடன் கேட்டபோது வாளா இருந்ததும் அதே சமுதாயமே. அவர் கணக்கில் பிழையில்லை என்பதை, பிற்காலத்தில் வீடுதோறும் புகுந்த அவருடைய நூல்கள் மெய்ப்பித்தன. கைப்பொருளை முதலாக்கித் தம் கவிதையை அச்சேற்றும் கவிஞர் இன்றும் உளர். அவர்தம் நூலில் ஒரு படியை விலை கொடுத்து வாங்கி, படித்து, நாலு பேர் அறியப் பேசுதல் கவியரங்கில் மாலை சூட்டுவதினும் மேலான சிறப்பாகும். வாழும் கவிஞர்க்குச் செய்யும் அச்சிறு கடமையே மகாகவிக்குத் தீர்க்க வேண்டிய பழங்கடன்.