சகதர்மிணி கஸ்தூர்பா

1913 மார்ச் 14-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறிஸ்தவ முறைப்படி நடைபெறாத, அரசாங்கத்தில் பதிவு செய்யப்படாத திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்பது அதன் சாரம். அக்கினி சாட்சியாக மணந்த ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்கள் ஒரே நாளில் மனைவி என்ற நிலையை இழந்தனர். அவர்களுள் ஒருவர் கஸ்தூர்பா. அப்போது அவருக்கு மணமாகி ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்கு புதல்வர்களுக்குத் தாய்.

கஸ்தூர்பா 1869 ஏப்ரல் 11-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். தந்தை கோகுல்தாஸ் கபாடியா ஒரு வணிகர். பதின்மூன்றாம் வயதில், அண்டை வீட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த மோகன்தாஸ் அவரைக் கைப்பிடித்தார். செலவைக் குறைப்பதற்காக அவ்வீட்டுப் பெரியவர்கள் மூன்று திருமணங்களை ஒரே நேரத்தில் நடத்தினர்; அதில் இவர்களுடையதும் ஒன்று. தம் அனுமதியின்றி மனைவி வெளியே செல்லலாகாது என்று அந்தச் சிறுவயதுக் கணவர் கட்டளையிட்டார். கஸ்தூர்பா வாதிடவில்லை, கோயிலுக்கும் தோழியர் இல்லங்களுக்கும் வழக்கம்போல் சென்று வந்தார். பிற்காலத்தில் உலகம் சத்தியாகிரகம் என்று அறிந்துகொண்டதன் முதல் பாடம் அந்த வீட்டில்தான் நடந்தது எனலாம். மனைவியிடமிருந்தே அகிம்சையைக் கற்றதாகக் காந்தியடிகள் கூறியதுண்டு.

டர்பனில் வாழ்ந்தபோது இல்லத்தில் தங்கியிருந்தவர்களின் கழிவுக் கலங்களைத் தம்பதியரே சுத்தம் செய்தனர். பஞ்சமர் குலத்தில் பிறந்த ஒரு குமாஸ்தாவின் கலத்தைத் தூக்க நேர்ந்தபோது கஸ்தூர்பா கண்ணீர் வடித்தார். அதை முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்று சினந்த கணவர், அவரது கையைப் பற்றி வெளிவாயில்வரை இழுத்துச் சென்றார். அந்நிய மண்ணில் தாம் எங்கே செல்வது, வெட்கமில்லையா என்று அழுகையினூடே அவர் கேட்டதும் காந்தியடிகள் நாணித் தலைகுனிந்தார். இதைச் சுயசரிதையில் ஒளிவின்றி எழுதியவரும் அவரே. ஆயினும் அந்த நிகழ்ச்சியில் இருவர் பக்கமும் குறை இருந்தது. பிறப்பால் தீட்டு என்ற எண்ணம் கஸ்தூர்பாவை விட்டு நீங்கப் பல ஆண்டுகள் ஆயின. 1915-இல் அகமதாபாத் ஆசிரமத்தில் துதாபாயின் ஹரிஜனக் குடும்பம் சேர்ந்தபோதும் அவர் முதலில் மனம் ஒப்பவில்லை. அக்குடும்பத்தின் சிறுமி லட்சுமி நாளடைவில் அவருக்கு மகளானாள்.

1901-இல் தாயகம் புறப்பட்டபோது நேட்டால் இந்தியர்கள் அளித்த பரிசுகளில் 50 கினி பெறுமான தங்க ஆரம் ஒன்றும் இருந்தது. அது கஸ்தூர்பாவுக்கென்றே அளிக்கப்பட்டது. சேவைக்குக் கிடைத்த பொருளைப் பொதுநிதிக்கே தர வேண்டும் என்றார் கணவர். வரப்போகும் மருமகள்களை எண்ணி மறுத்த கஸ்தூர்பா, அந்தச் சேவையில் இரவும் பகலும் உழைத்த தமக்குப் பங்கில்லையா என்றும் கேட்டார். நகைகள் இறுதியில் அறக்கட்டளைக்கே போயின. கேள்வி மட்டும் நியாயமானது.

1913-க்குத் திரும்புவோம். தீர்ப்பை எதிர்த்துப் பெண்களைச் சிறைக்கு அனுப்ப முடிவு செய்த காந்தியடிகள், பிற சகோதரிகளிடம் பேசினாரே தவிர மனைவியிடம் பேசவில்லை. தமக்காக இசைந்துவிட்டு, பின்னர் நீதிமன்றத்தில் அவர் தளர்ந்துவிடக் கூடாதே என்ற தயக்கம். உரையாடலைக் கேட்டுவிட்ட கஸ்தூர்பா, சிறை செல்லத் தம்மிடம் என்ன குறை கண்டீர்கள் என்று வினவினார். பீனிக்ஸ் ஆசிரமத்திலிருந்து புறப்பட்ட 16 பேரில் ஒருவராக எல்லை கடந்து, மூன்று மாதக் கடுங்காவல் பெற்றார். எலும்பும் தோலுமாக வெளிவந்தார். அப்போராட்டத்தில் சிறைசென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்நீத்தாள். அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டம் இந்தியத் திருமணங்களை ஏற்றுக்கொண்டது.

1915 ஜனவரி 9 அன்று தம்பதியர் பம்பாய் அப்போலோ துறையில் வந்திறங்கினர். அந்நகரம் அவர் வாழ்வில் மீண்டும் ஒரு திருப்பத்தைத் தந்தது. 1942 ஆகஸ்ட் 9 அதிகாலையில் காந்தியடிகள் பிர்லா இல்லத்தில் கைதானார். அன்று மாலை சிவாஜி பூங்காக் கூட்டத்தில் அவருக்குப் பதிலாகத் தாமே பேசுவதாகக் கஸ்தூர்பா அறிவித்தார். மாதுங்காவுக்கும் தாராவிக்கும் அண்மையிலுள்ள அந்தத் திடலை அவர் சென்றடையவில்லை. 73 வயதான அவரை அரசாங்கம் ஆர்தர் சாலைச் சிறைக்கும், பின் பூனா ஆகாகான் மாளிகைக்கும் அனுப்பியது.

அங்கே 70 வயதைக் கடந்த கணவர், மனைவிக்குப் பூகோளம் கற்பித்தார். ஆரஞ்சுப் பழத்தைக் கொண்டு பூமியின் கோடுகளை விளக்குவார். மாணவி மாகாணத் தலைநகரங்களை மாற்றிச் சொல்வார். தாயுள்ளத்தின் துயரம் வேறு. வழிதவறிப்போன மூத்த மகன் ஹரிலால், அன்னையின் இறுதி நாட்களில் மது அருந்திய நிலையில் வந்து நின்றார். அதைக் கண்ட அன்னை நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதார்.

கல்கத்தாவிலிருந்து விமானத்தில் பெனிசிலின் வந்தது. சில மணி நேரத்திற்கு ஒருமுறை ஊசி போட வேண்டும் என்றறிந்த காந்தியடிகள், இறுதி வேளையில் அவ்வேதனை வேண்டாம் என்றார். இளைய மகன் தேவதாஸ், ராஜாஜியின் மருமகன், மன்றாடியும் பயனில்லை. அம்முடிவு சரிதானா என்பதில் இன்றும் இருவேறு கருத்துகள் உண்டு. 1944 பிப்ரவரி 22, மகாசிவராத்திரி நாள் மாலை, கணவரின் மடியில் அன்னையின் உயிர் பிரிந்தது. அவர் நூற்ற நூலால் நெய்த சேலையையே உடலுக்குப் போர்த்தினர். சிதை முழுவதும் எரிந்தடங்கும்வரை காந்தியடிகள் அகலவில்லை. சாம்பலில் கஸ்தூர்பாவின் கண்ணாடி வளையல்கள் ஐந்தும் உடையாமல் கிடைத்தன.

மே 6-ஆம் நாள் விடுதலையானபோது, மகாதேவ தேசாயின் சமாதிக்கருகே இருந்த மனைவியின் சமாதிக்குச் சென்று வணங்கிவிட்டே அவர் மாளிகையை விட்டுப் புறப்பட்டார்.