பனிநாட்டுக்கு இரயில் கொண்டு போன தானாக்கா

நம் தோட்டத்துப் பெரியவர்களிடம் ஜப்பான்காரன், இரயில் என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொன்னால் ஒரே நினைவுதான் வரும். 1942, 43-ஆம் ஆண்டுகளில் லயத்து ஆண்பிள்ளைகளை வாரிக்கொண்டு போன சயாம் மரண இரயில். அந்தக் கொடுமையை மறக்கச் சொல்லி நான் எழுத வரவில்லை. ஆனால் அதே ஜப்பானில், ஆரம்பப் பள்ளியோடு பகல் படிப்பை முடித்துக்கொண்ட ஒரு நாட்டுப்புறத்துப் பையன் பிரதமராகி, தன் பனிநாட்டுக்கு உலகமே வியக்கும் அதிவேக இரயில் வரக் காரணமாக இருந்தார். பிறகு கையூட்டு வழக்கில் சிக்கிப் பெயரையும் கெடுத்துக்கொண்டார். அவர்தான் காக்குவே தானாக்கா. மாணவச் செல்வங்களே, அவர் வாழ்க்கையின் இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன், கேளுங்கள்.

தானாக்கா 1918-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், நீகாத்தா மாநிலத்தில் புத்தாடா என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்பா மாடு, குதிரை வியாபாரம் பார்த்தவர். வெளிநாட்டுக் கறவை மாடு இறக்கப் போய் நட்டப்பட்டார். பந்தயக் குதிரையில் மிச்சத்தையும் விட்டார். அம்மாதான் வயலில் இறங்கிப் பாடுபட்டுக் குடும்பத்தைத் தாங்கினார். சின்ன வயசில் நோய் கண்டதில் தானாக்காவுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் வாய் திறந்தாலே மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். இராகம் போட்டுச் சொன்னால் திக்கவில்லை என்று அவரே கண்டுபிடித்துக்கொண்டார். பள்ளி நாடகத்தில் பெங்கெய் என்னும் வீரத் துறவி வேடம் கட்டி, வசனத்தை இசையோடு சொல்லி ஒப்பேற்றினார். பிற்காலத்தில் ஜப்பானிலேயே மேடைப் பேச்சில் அவரை மிஞ்ச ஆள் குறைவு என்று பெயர் வாங்கியவர், இந்தத் திக்குவாய்ப் பையன்தான்.

அவர் பிறந்த மண்ணைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜப்பானின் நடுவே முதுகெலும்பு போல மலைகள் நிற்கின்றன. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் காற்று, ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மிக்குனி மலைத்தொடரில் மோதும். மோதிய இடத்தில் பனியாகக் கொட்டும். மலையடி ஊர்களில் 3, 4 மீட்டர் உயரம் கூடப் பனி சேரும். மேல்மாடி சன்னல் வழியாக வெளியே வந்த காலமும் உண்டாம். மலைக்கு அந்தப் பக்கம், தோக்கியோவில், அதே நாளில் வெயில் அடிக்கும்! ஒரே நாடு, ஒரே அரசாங்கம், நடுவே ஒரு மலைதான்.

வயல் பனிக்குள் புதைந்துவிட்டால் வேலை ஏது? ஆண்கள் தோக்கியோ பக்கம் கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போய்விடுவார்கள். கிழவர்களும் பெண்டுகளும் பிள்ளைகளும் கூரைப் பனியை வாரித் தள்ளிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். இப்படி ஊரை விட்டுப் போய்ச் சம்பாதிப்பதற்குத் தெக்காசெகி என்று பெயர். பொழப்புக்காகப் பிள்ளைகளை விட்டுத் தூரத்தில் கிடப்பது என்ன என்று நம் பெற்றோர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தானாக்காவும் 1934-இல், பதினைந்து வயதில், தோக்கியோவுக்கு இரயில் ஏறினார். பகலில் கிடைத்த வேலை, இரவில் தொழிற்கல்விப் பள்ளி. அங்கேதான் கட்டுமானப் படிப்பு படித்தார். 1939-இல் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டு மஞ்சூரியாவுக்குப் போனார். நுரையீரல் நோய் கண்டு திரும்பி வந்தார். பிறகு சொந்தமாகக் கட்டுமான நிறுவனம் தொடங்கிப் பணக்காரரானார். போர் முடிந்தபின், 1947-இல், இருபத்தெட்டு வயதில் நாடாளுமன்ற உறுப்பினர்!

அந்தக் காலத்தில் அவர் பேசிய பேச்சு ஒன்றை இன்றும் கதையாகச் சொல்வார்கள். மிக்குனி மலையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டால் நீகாத்தாவில் பனி விழாது, அந்த மண்ணைக் கடலில் கொட்டினால் சாடோ தீவுக்கு நடந்தே போகலாம் என்பது அதன் சாரம். கேட்டவர்கள் சிரித்தார்கள், ஆனால் ஓட்டும் போட்டார்கள். தங்கள் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் பேசுகிறார் என்று அவர்களுக்குப் பட்டிருக்கும்.

பேச்சோடு நிற்கவில்லை அவர். பெட்ரோல் வரிப்பணத்தைச் சாலை போடவே செலவிட வேண்டும் என்ற சட்டம் 1953-இல் வந்ததற்கு அவர் முக்கிய காரணம். தோக்கியோவில் அவர் வீட்டு வாசலில் காலையிலேயே ஊர்க்காரர்கள் வந்து நிற்பார்கள். ஒருத்தருக்குப் பாலம், இன்னொருத்தருக்குச் சுரங்கப் பாதை. சில நிமிடத்திலேயே முடியும், முடியாது என்று பதில் கிடைத்துவிடும். 1957-இல் 39 வயதில் அமைச்சர். அதன்பின் நிதி அமைச்சர். 1972 ஜூலையில், 54 வயதில், பிரதமர். பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர் என்பதால் நாடே அதிசயப்பட்டது. 1974 ஜனவரியில் தென்கிழக்காசியப் பயணத்தில் நம் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போனார்.

இனி இரயில் கதைக்கு வருவோம். ஷின்கான்சென் என்னும் அதிவேக இரயில் 1964 அக்டோபர் 1-ஆம் தேதி தோக்கியோவுக்கும் ஓசாக்காவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. பெரிய பட்டணத்திலிருந்து இன்னொரு பெரிய பட்டணத்துக்கு. மற்றக் கடற்கரைக்கும் மலைநாட்டுக்கும் அந்த வசதி ஏன் கூடாது என்று கேட்டவர்களில் முன்னே நின்றவர் தானாக்கா. நாடெங்கும் ஷின்கான்சென் போட 1970-இல் சட்டம் வந்தது. அப்போது ஆளுங்கட்சியின் தலைமைச் செயலாளர் அவர்தான். 1971-இல் நீகாத்தா பாதைக்கு வேலை தொடங்கிற்று. தன் தொகுதிக்கு இழுத்துக்கொண்டு போனார் என்று பேசியவர்களும் உண்டு, அது முழுப் பொய்யும் அல்ல.

மலையைத் தகர்க்க முடியாது, துளைத்தார்கள். ஓமியாவிலிருந்து நீகாத்தா வரை ஏறக்குறைய 270 கிலோமீட்டரில் 100 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். அதில் டாய்ஷிமிசு சுரங்கம் மட்டும் 22 கிலோமீட்டர். திறந்த காலத்தில் உலகத்திலேயே நீளமான இரயில் சுரங்கம் அதுதான். 1979 மார்ச் 20-ஆம் தேதி அதற்குள் தீப்பிடித்து 16 பேர் மாண்டார்கள். வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பதினாறு பேரையும் ஒரு வரியாவது சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

பனிக்கு என்ன செய்தார்கள்? தண்டவாளம் நெடுகக் குழாய் போட்டு வெந்நீரைத் தெளித்துப் பனியைக் கரைத்தார்கள். ஓடிய நீரைத் திரும்பச் சேர்த்து, சூடாக்கி, மறுபடி தெளித்தார்கள். வண்டியின் அடிப்பாகத்தையும் பனி புகாமல் மூடிக் கட்டினார்கள்.

1982 நவம்பர் 15-ஆம் நாள் பாதை திறக்கப்பட்டது. முன்பு தோக்கியோவின் உவெனோ நிலையத்திலிருந்து நீகாத்தாவுக்கு விரைவு வண்டியிலேயே ஏறக்குறைய 4 மணி நேரம். இப்போது தோக்கியோவிலேயே ஏறினால் சுமார் 2 மணிதான். குளிர்காலத்தில் போனால் முதலில் மாடிக் கட்டடங்கள், அப்புறம் சமவெளி, நல்ல வெயில். தக்காசாக்கி தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கம். இருட்டு, வெளிச்சம், மறுபடி இருட்டு. கடைசிப் பெருஞ்சுரங்கத்தை விட்டு எச்சிகோ யுசாவாவில் வெளியே வந்தால், கூரை, மரம், வயல் எல்லாம் வெள்ளை! தெக்காசெகிக்காரர்கள் மாதக்கணக்கில் பிரிந்து கிடந்த தூரத்தை, ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிடும் நேரத்தில் கடந்துவிடலாம் போல இருக்கும்.

அந்தத் திறப்பு நாளில் தானாக்கா நீதிமன்றக் கைதியாக, பிணையில் வெளியே இருந்தவர். பணம் சேர்த்த விதத்தைப் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்தியதால் 1974 இறுதியில் பதவி விலகினார். அமெரிக்க விமான நிறுவனமான லாக்ஹீட்டிடம் 50 கோடி யென் வாங்கினார் என்று 1976 ஜூலையில் கைதானார். 1983 அக்டோபரில் நான்கு ஆண்டு சிறை என்று தீர்ப்பு. அவர் மேல்முறையீடு செய்தார். இரண்டே மாதத்தில் தேர்தல் வந்தது. அவருடைய தொகுதி மக்கள் 2 இலட்சத்து 20 ஆயிரம் ஓட்டுக்கு மேல் அள்ளிக் கொடுத்தார்கள்! சாலையும் பாலமும் தந்தவரை அவர்கள் கைவிடவில்லை. அவர்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் வாங்கிய கையூட்டை இரயில் பாதை கழுவிவிடாது. கூரைப் பனி வாரிய கிழவிகளின் பெயரைச் சொல்லித்தான் அவர் பதவிக்கு வந்தார். அந்தப் பதவியை விற்றபோது விலைபோனது அவர்கள் நம்பிக்கையும்தான்.

இரயில் எல்லாக் கவலையையும் தீர்த்ததா என்றால், இல்லை. பனிச்சறுக்கு விளையாட வரும் கூட்டம் பெருகியது, யுசாவாவில் மாடிக் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் வந்த வழியிலேயே இளைஞர்கள் தோக்கியோவுக்குப் போய்விடவும் செய்தார்கள். 1990-களில் 24 இலட்சத்துக்கு மேல் இருந்த நீகாத்தா மக்கள் தொகை, இப்போது 22 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

1985 பிப்ரவரியில் தானாக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. கூட்டங்களைக் கட்டிப்போட்ட அந்த நாவு ஓய்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடியாமல் இருக்கும்போதே, 1993 டிசம்பர் 16-ஆம் தேதி, 75 வயதில் காலமானார்.

அவர் தொகுதியில் வயல்களுக்கு நடுவே உராசா என்றொரு சின்ன ஊர். அங்கேயும் ஷின்கான்சென் நிலையம் உண்டு. நிலையத்துக்கு வெளியே, ஒரு கையைத் தூக்கியபடி, தானாக்காவின் சிலை நிற்கிறது. சிலையின் தலையில் பனி விழாமல் இருக்க மேலே கூரை போட்டிருக்கிறார்கள்.