50 டாலர் பந்தயம்... மேப் இல்லை, ரோடும் இல்லை! காரில் அமெரிக்காவை முதன்முதலில் கடந்த டாக்டர் ஜாக்சன் யார்?

காரின் மேல் டென்ட், டிக்கியில் அடுப்பு, பின் சீட்டை மடக்கினால் படுக்கை. சொந்த வண்டியிலேயே நாள் கணக்கில் ஊர் ஊராகப் போய், கிடைத்த இடத்தில் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் பயணத்துக்கு 'ஓவர்லேண்டிங்' என்று பெயர். யூடியூபில் இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நாமும் ஒரு தடவை கிளம்பிடலாமா என்று யோசிப்பவர்கள் இப்போது நிறைய பேர்.

ஆனால் உடனே ஒரு தயக்கமும் வரும். வண்டியைப் பற்றி ஒண்ணும் தெரியாதே, வழியில் நின்னுட்டா என்ன செய்வது, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

இதே கேள்விகளோடு 120 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கிளம்பினார். அவருக்கென்று சொந்தக் கார் கிடையாது. கார் ஓட்டிய அனுபவமும் பெரிதாக இல்லை. பெட்ரோல் பங்க், மேப், தார் ரோடு என எதுவும் இல்லாத காலம் அது. அவர்தான் ஹோரேஷியோ நெல்சன் ஜாக்சன். அமெரிக்காவை ஒரு கடற்கரையிலிருந்து இன்னொரு கடற்கரை வரை காரிலேயே கடந்த முதல் மனிதர்.

யார் இந்த ஜாக்சன்?

1872ல் கனடாவின் டொரண்டோவில் பிறந்தவர் ஜாக்சன். அப்பா ஒரு பாதிரியார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில் மருத்துவம் படித்து டாக்டரானார். ஆனால் காசநோய் வந்ததால், சில வருடங்களிலேயே மருத்துவத் தொழிலை விட வேண்டியதாயிற்று.

1899ல் பெர்தா வெல்ஸ் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். பெர்தாவின் குடும்பம் மருந்து வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்த பணக்காரக் குடும்பம். அதனால் ஜாக்சனுக்குப் பணக் கவலை இல்லை. கார் மீது மட்டும் தீராத ஆசை.

ஒரு பந்தயத்தில் ஆரம்பித்த கதை

1903 மே மாதம். ஜாக்சனுக்கு அப்போது 31 வயது. மனைவியோடு சான் பிரான்சிஸ்கோ வந்திருந்தார். அங்கே ஒரு கிளப்பில் கார்களைப் பற்றிப் பேச்சு வந்தது. கார் என்பது பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள், நாலு தெரு சுற்றலாம், தொலைதூரம் போக லாயக்கில்லை என்பது அங்கிருந்தவர்களின் கருத்து.

ஜாக்சன் ஒத்துக்கொள்ளவில்லை. 90 நாளுக்குள் காரிலேயே நியூயார்க் போய்க் காட்டுவதாக 50 டாலர் பந்தயம் கட்டிவிட்டார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் பார்க்கணும். அப்போது ஊர் விட்டு ஊர் போக ரயில்தான். ஊருக்கு வெளியே இருந்ததெல்லாம் குதிரை வண்டித் தடங்கள் மட்டுமே. ஒழுங்காகத் தளம் போட்ட சாலைகள் நகரங்களுக்குள்தான் இருந்தன. 1901ல் அலெக்சாண்டர் விண்டன் என்ற கார் தயாரிப்பாளரே இந்தப் பயணத்தை முயற்சி செய்து, நெவாடா பாலைவன மணலில் சிக்கிப் பாதியிலேயே கைவிட்டிருந்தார். காரைச் செய்தவராலேயே முடியாததை, கார் ஓட்டிப் பெரிதாக அனுபவமில்லாத டாக்டர் செய்யப் போவதாகச் சொன்னார்!

முதல் புத்திசாலித்தனம்: மெக்கானிக்

ஜாக்சன் செய்த முதல் நல்ல காரியம், தனக்கு என்ன தெரியாது என்பதை ஒப்புக்கொண்டதுதான். சீவல் குரோக்கர் என்ற 22 வயது மெக்கானிக்கைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். முன்பு சைக்கிள் ரேஸ் ஓட்டிய இளைஞர், இன்ஜின் வேலை நன்றாகத் தெரிந்தவர். குரோக்கரின் ஆலோசனைப்படி விண்டன் நிறுவனத்தின் காரையே வாங்கினார். அதுவும் கொஞ்சம் ஓடிய பழைய கார். அவசரத்துக்காக, புது காரின் விலையைவிட அதிகமாக 3,000 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. தன் மாகாணத்தின் பெயரையே காருக்கும் வைத்தார்: 'வெர்மான்ட்'.

இரண்டு சிலிண்டர், 20 குதிரைத்திறன் இன்ஜின். மேலே கூரை கிடையாது, முன்னால் கண்ணாடி கிடையாது. சைக்கிள் போல செயின் மூலம்தான் பின் சக்கரம் சுற்றும். இன்று நம்ம ஊரில் ஓடும் பல பைக்குகளின் இன்ஜின் இதைவிட சக்தி வாய்ந்தது.

என்னென்ன எடுத்துட்டுப் போனாங்க?

பின் சீட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சாமான்களை அடுக்கினார்கள். படுக்கைப் பைகள், கம்பளி, ரப்பர் மழைக்கோட்டு, தண்ணீர்ப் பை, சமையல் பாத்திரம், கோடாரி, மண்வெட்டி, டூல்ஸ், பெட்ரோல் கேன், ஆயில் கேன், கேமரா, துப்பாக்கிகள். இவற்றோடு கப்பியும் நீளமான கயிறும்.

இந்தக் கடைசிப் பொருள்தான் அவர்களைப் பல தடவை காப்பாற்றியது. கார் சேற்றில் மாட்டினால், கயிற்றின் ஒரு முனையை மரத்திலோ தரையில் அடித்த முளையிலோ கட்டி, கப்பி வழியாகக் காரை வெளியே இழுப்பார்கள். இன்று ஆஃப் ரோடு வண்டிகளின் முன் பம்பரில் இருக்கும் 'வின்ச்' செய்வதும் இதே வேலைதான். அங்கே மோட்டார் இழுக்கிறது, இங்கே இரண்டு பேரின் கை இழுத்தது.

வழியைத் தேர்ந்தெடுத்ததிலும் யோசனை இருந்தது. விண்டன் தோற்ற பாலைவனப் பக்கம் போகவே இல்லை. தூரம் அதிகமானாலும் பரவாயில்லை என்று வடக்கே ஏறி, ஓரிகான், ஐடஹோ, வயோமிங் வழியாகப் போக முடிவு செய்தார்கள். மே 23ம் தேதி கிளம்பினார்கள். மனைவி பெர்தா ரயிலில் ஊர் திரும்பினார்.

24 கிலோமீட்டரிலேயே முதல் பஞ்சர்

கிளம்பி சுமார் 24 கிலோமீட்டர்தான் போயிருப்பார்கள். டயர் வெடித்துவிட்டது. கையில் இருந்தது ஒரே ஒரு ஸ்டெப்னி. சான் பிரான்சிஸ்கோ முழுக்கத் தேடியும் அந்த அளவில் கிடைத்தது அந்த ஒரு பழைய டயர்தான். அதையும் முதல் கட்டத்திலேயே மாட்டியாச்சு.

காரின் விளக்குகள் இருட்டில் ஒன்றுக்கும் உதவவில்லை. சாக்ரமெண்டோவில் நிறுத்தி, பெரிய விளக்கு ஒன்றை வாங்கி மாட்டினார்கள். மலைப்பாதையில் கார் குலுங்கிய குலுங்கலில், கட்டி வைத்த சமையல் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. இன்ஜின் போட்ட சத்தத்தில் அது காதிலேயே விழவில்லை!

வழி கேட்ட இடத்தில் ஒரு பெண், வேண்டுமென்றே தவறான பாதையைக் காட்டிவிட்டார். காரணம் இதுதான்: அந்தப் பாதையில்தான் அவருடைய குடும்பத்தார் இருந்தார்கள். அவர்கள் அதுவரை காரையே பார்த்ததில்லை. அதற்காக இவர்கள் சுமார் 170 கிலோமீட்டர் வீணாகச் சுற்ற வேண்டியதாயிற்று.

டயர்கள் தீர்ந்துபோனபோது சக்கரத்தைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி ஓட்டினார்கள். பெட்ரோல் ஒழுகிப் போனபோது, குரோக்கர் வாடகை சைக்கிள் எடுத்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளிப் போய் வாங்கி வந்தார். அந்த சைக்கிளும் வழியில் பஞ்சர்!

பணமும் போச்சு

ஐடஹோவில் நடந்தது இன்னும் மோசம். ஜாக்சனின் கோட்டு காரிலிருந்து எங்கோ விழுந்துவிட்டது. கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதி அந்தக் கோட்டுப் பையில்தான் இருந்தது. திரும்பிப் போய்த் தேடியும் கிடைக்கவில்லை. ஷையானுக்குப் பணம் அனுப்பச் சொல்லி மனைவிக்குத் தந்தி அடிக்க வேண்டிய நிலை.

வயோமிங்கில் வழி தவறி, சுமார் 36 மணி நேரம் சாப்பாடே இல்லாமல் திரிந்தார்கள். கடைசியில் ஓர் ஆட்டு இடையர் இவர்களைப் பார்த்து, ஆட்டுக்கறியும் சோளமும் கொடுத்துப் பசியாற்றினார். நன்றிக்கடனாக ஜாக்சன் தன் துப்பாக்கி ஒன்றை அவருக்குக் கொடுத்தார்.

சக்கரத்தின் பேரிங் உடைந்தது. நடுக்காட்டில் பேரிங்குக்கு எங்கே போவது? குரோக்கர் ஒரு விவசாயியிடம் பேசி, புல் வெட்டும் இயந்திரத்தில் இருந்த பேரிங்கைக் கழற்றி வாங்கி மாட்டினார். பெரிய பாகங்கள் உடைந்தால், கார் நிறுவனத்துக்குத் தந்தி கொடுத்து, அது ரயிலில் வரும் வரை அங்கேயே நாள் கணக்கில் காத்திருந்தார்கள். சின்ன வேலைகளுக்கு ஊர்க் கொல்லர் பட்டறைதான் ஒர்க்‌ஷாப்.

மூன்றாவது பயணி பட்

இத்தனை கஷ்டத்துக்கு நடுவே ஒரு சந்தோஷமும் வந்து சேர்ந்தது. ஐடஹோவில் ஜாக்சன் 15 டாலர் கொடுத்து ஒரு நாயை வாங்கினார். பெயர் 'பட்'. முன்னால் கண்ணாடி இல்லாத காரில், உவர்மண் தூசு நேராக நாயின் கண்ணில் அடித்தது. உடனே பட்டுக்கும் ஒரு தூசுக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள்!

கண்ணாடி போட்ட நாய் காரில் வருகிறது என்ற செய்தி தந்தியில் ஊருக்கு முன்னால் ஓடியது. பத்திரிகைகள் படம் போட்டன. அவர்களைப் பார்க்க ஊர் ஊராகக் கூட்டம் கூடியது.

63 நாளில் நியூயார்க்

இதற்குள் இது வெறும் கிளப் பந்தயமாக இல்லை. ஜூனில் பேக்கார்ட் நிறுவனத்தின் கார் ஒன்றும், ஜூலையில் ஓல்ட்ஸ்மொபைல் கார் ஒன்றும் அதே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பின. இரண்டுக்கும் பின்னால் பெரிய நிறுவனங்களின் ஆதரவு இருந்தது. ஜாக்சனோ சொந்தக் காசில் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு வாரம் நின்றால்கூட 'முதல் கார்' என்ற பெயர் கை மாறிவிடலாம்.

ஜூலை 12ல் ஒமாஹா வந்தார்கள். அதற்குப் பிறகு சாலைகள் ஓரளவு பரவாயில்லை, வேகம் கூடியது. நியூயார்க் மாகாணத்தில் பஃபலோ அருகே மறைந்திருந்த தடை ஒன்றில் கார் மோதி, மூன்று பேரும் தூக்கி எறியப்பட்டார்கள். நல்லவேளை, பெரிய காயம் இல்லை.

1903 ஜூலை 26 அதிகாலை நான்கரை மணிக்கு, சேறு படிந்த வெர்மான்ட் கார் நியூயார்க் நகருக்குள் நுழைந்தது. கிளம்பி 63 நாள். மொத்த தூரம் 7,000 கிலோமீட்டருக்கும் மேல். குடித்த பெட்ரோல் சுமார் 3,000 லிட்டர். காரின் விலையையும் சேர்த்து ஆன செலவு 8,000 டாலர். ஜெயித்த பந்தயப் பணம் 50 டாலர். அதையும் ஜாக்சன் போய் வாங்கவே இல்லை!

ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று வதந்தியும் கிளம்பியது. அதை நிரூபித்தால் 10,000 டாலர் தருவதாக விண்டன் நிறுவனம் அறிவித்தது. யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

அதன் பிறகு என்ன ஆனது?

ஜாக்சன் வெர்மான்ட்டில் பத்திரிகை, வானொலி நிலையம், வங்கி என்று செல்வாக்கோடு வாழ்ந்தார். நாட்டையே காரில் கடந்தவருக்கு, சொந்த ஊரில் அதே ஆண்டு ஓர் அபராதமும் விழுந்தது. காரணம், மணிக்கு 6 மைல் வேகத்தைத் தாண்டிவிட்டார்! நடுத்தர வயதில் முதல் உலகப்போருக்குப் போய்க் காயம்பட்டு, வீரப் பதக்கமும் பெற்றார். 1936ல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1944ல் வெர்மான்ட் காரை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1955ல் 82 வயதில் காலமானார்.

ஆனால் குரோக்கரின் கதை வேறு. சைக்கிளில் பெட்ரோலுக்கு அலைந்தவர், பேரிங்கைத் தேடிப் பிடித்தவர், உடைந்ததையெல்லாம் ஒட்ட வைத்தவர் அவர்தான். புகழில் பெரும்பங்கு ஜாக்சனுக்குப் போனது. அடுத்த பத்தே ஆண்டில், 1913ல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே குரோக்கர் இறந்துபோனார். வெர்மான்ட் கார் அந்த 63 நாள் ஓடியதில் அவர் கை படாத ஒரு நாள்கூட இருந்திருக்காது.

புதுசா கிளம்புறவங்களுக்கு என்ன பாடம்?

* வண்டியைவிட முக்கியம், வண்டி தெரிந்த ஆள். ஒன்று நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தெரிந்தவரோடு போங்கள்.
* கிளம்பும் முன் ஸ்டெப்னியைப் பாருங்கள். காற்று இருக்கிறதா, டயர் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதைச் சோதிப்பது அவசியம்.
* சாமான்களை அடுக்கினால் மட்டும் போதாது, இறுக்கிக் கட்டணும். பாதி வழியில் ஒரு தடவை நிறுத்திச் சரிபாருங்கள்.
* பணத்தை ஒரே பையில் வைக்காதீர்கள்.
* குறுக்கு வழியைவிடக் கடக்கக்கூடிய வழியே நல்ல வழி. ஜாக்சன் சுற்றிப் போனார், ஆனால் போய்ச் சேர்ந்தார்.
* நாயைக் கூட்டிட்டுப் போனால், அதன் வசதியையும் யோசியுங்கள்.

வெர்மான்ட் கார் இன்றும் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் டாக்டரின் உருவம், பக்கத்தில் தூசுக் கண்ணாடி போட்ட பட்டின் உருவம்.